சிறகு உதிர்க்கும் ஈ

பஸ் என்னை மர அறுவை மில்லின் வாசலில் இறக்கிவிட்டுப் போனது. மதியம்தான். ஆனாலும் வெளிச்சம் சோகை பிடித்த மாதிரி வெளிறிக் கிடந்தது. உள்ளே ரம்பம் ஓடும் சத்தம். காற்றெங்கும் ஈர மரத்தூள் வாசனை. மில்லைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனால் வேலையாட்களின் வீடுகள் வரிசையாக வரும். கடைசி வீடு என் அக்காவுடையது. அதற்கப்புறம் வீடும் கிடையாது, தெருவும் கிடையாது. காடுதான்.

அத்தானுக்கு அந்த மில்லில்தான் வேலை. காட்டுக்குள் போய், வெட்ட வேண்டிய மரங்களைப் பார்த்துச் சிவப்புச் சாயம் பூசிவிட்டு வருவார். இரண்டு வாரம் முன்னால் அப்படிப் போனவர் திரும்பவில்லை. மில்லே திரண்டு தேடியது. நான் வேலை பார்க்கும் ஊரில் அப்போது கோமாரி பரவி, பண்ணை பண்ணையாக ஓடிக்கொண்டிருந்தேன். நான் கால்நடை மருத்துவர். லீவு கிடைப்பதற்குள், "அவர் வந்துட்டார்டி" என்று அக்கா போன் செய்துவிட்டாள். ஒரு காலை நேரம், தானாகவே நடந்து வந்து கதவைத் தட்டினாராம்.

அப்போது அவள் அழவில்லை. சிரிக்கவும் இல்லை. ஏதோ தயக்கம் தெரிந்தது. அதிர்ச்சியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டாள்.

"அவருக்குத் தலையெல்லாம் ஒரே அரிப்பு. என்னமோ பூச்சி. நீ ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போயேன்."

"மனுஷ டாக்டர்கிட்ட காட்டுக்கா. நான் மாட்டைப் பார்க்கிறவ."

"நீ வா" என்றாள். அவ்வளவுதான்.

அக்கா வாசலில் நின்றிருந்தாள். பையை வாங்கிக்கொண்டாள். மெலிந்து போயிருந்தாள். வீட்டுக்குள் காலை வைத்ததும் ஒரு வாடை அடித்தது. நனைந்த ரோமத்தின் வாடை. பண்ணைகளில் எனக்குப் பழகியதுதான். ஆனால் ஆட்டுடையதும் இல்லை, மாட்டுடையதும் இல்லை.

அத்தான் பின்வாசல் படியில் காட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாய் ஓயாத மனிதர். கல்யாணமான புதிதிலேயே எனக்குப் பட்டப்பெயர் வைத்தவர். என்னைக் கண்டதும், தெருவில் நாலு பேர் இருந்தாலும், "மாட்டு டாக்டர் வந்தாச்சு, எல்லாரும் நாக்கை நீட்டுங்க!" என்று கத்துவார். எனக்கு மானமே போய்விடும்.

அன்று திரும்பிப் பார்த்தார். நீளமாகப் பார்த்தார். யார் என்று யோசிக்கிற பார்வை இல்லை அது. ஓடலாமா, இருக்கலாமா என்று யோசிக்கிற பார்வை.

"வா" என்றார்.

பிறகு மறுபடி காட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை வெளிச்சம் நன்றாக விழும் ஜன்னலோரம் அவரை உட்கார வைத்தேன். சீப்பால் முடியை வகிர்ந்தேன். முரட்டு முடி. முன்பு இவ்வளவு அடர்த்தி இருந்ததா? வழுக்கை விழுகிறது என்று அவரே கேலி செய்துகொண்டிருந்த நினைவு.

தோலோடு ஒட்டிக்கொண்டு பழுப்பு நிறத்தில் ஒன்று ஓடியது. நண்டு மாதிரிப் பக்கவாட்டில். பிடித்து இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கினேன். நசுங்கவில்லை. தட்டையாக, தோல் செருப்பின் துண்டு மாதிரி கெட்டியாக இருந்தது.

எனக்கு அது என்னவென்று தெரியும். மான் ஈ.

காட்டுப் புதர்களில் காத்துக் கிடக்கும். அசைகிற எதையாவது கண்டால் பறந்து வந்து ஒட்டிக்கொள்ளும். மனிதன்மேலும் வரும். தலைக்குள் புகுந்து கொஞ்ச நேரம் அலையும், கடித்தும் பார்க்கும், தப்பான இடம் என்று தெரிந்ததும் போய்விடும். மான்மேல் இறங்கினால் மட்டும் கதையே வேறு. சரியான உடம்பு கிடைத்துவிட்டது என்று நிச்சயமானதும், தன் சிறகுகளை அடியோடு உதிர்த்துவிடும். அதற்கப்புறம் அதற்குப் போக்கிடம் கிடையாது. அந்த ரோமத்துக்குள்ளேயே ரத்தம் குடித்து, அங்கேயே பெருகி, அங்கேயே சாகும்.

நான் சீப்பை மறுபடி வைத்தேன். இன்னொன்று. பக்கத்தில் இன்னொன்று. காதின் பின்னால் கொத்தாக.

எதற்குமே சிறகு இல்லை.

"என்னடி?" என்றாள் அக்கா.

"காட்டு ஈ. தொத்திக்கிட்டு வந்திருக்கு. மருந்து போட்டா போயிடும்."

அத்தான் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இவ்வளவு கடித்திருக்கிறது, ஒரு தடவைகூடச் சொறியவில்லை. அரிக்கிறது என்று சொன்னதே அக்காதான் என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த நேரம் ஜன்னல் வழியே ஒரு ஈ பறந்து வந்து என் மணிக்கட்டில் இறங்கியது. அதற்குச் சிறகு இருந்தது. சட்டையின் கை ஓரம் வரை ஊர்ந்து போனது. நின்றது. எழும்பி அத்தானின் கழுத்துக்குப் போனது.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கழுத்து முடிக்குள் நுழைவதற்குள் அதன் சிறகு ஒன்று ஒடிந்து, அவர் தோள்மேல் விழுந்தது.

மனிதன்மேலும் சில சமயம் குழம்பிப் போய்ச் சிறகைத் தொலைக்கும் என்று படித்திருக்கிறேன். அதையே மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். ஆனால் படுக்கையை உதறப் போனபோது, அவர் தலையணைக்கு அடியில் கறுப்பாக, பளபளப்பாக, பப்பாளி விதை மாதிரி சிதறிக் கிடந்தன. கூட்டுப்புழுக்கள். மனித ரத்தத்தைக் குடித்து அது பெருகியதாக நான் எங்கேயும் படித்ததில்லை.

அக்காவின் தலையணைக்கு அடியில் ஒன்றுகூட இல்லை.

"ரத்தத்தை டெஸ்ட் பண்ணிப் பார்த்துடலாம் அத்தான்" என்றேன்.

அவர் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. சட்டைக் கையை மடித்துக் கையை நீட்டினார். என் அத்தான் ஊசியைக் கண்டால் ஊரைக் கூட்டுகிறவர்.

பக்கத்து ஊர் கால்நடை மருத்துவமனையில் என்னோடு படித்தவள் வேலை பார்க்கிறாள். அவளுடைய மைக்ராஸ்கோப்பில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். மனித ரத்தத்தின் சிவப்பணுக்கள் வட்டமாக இருக்கும். இங்கே எல்லாம் வளைந்து, நுனி கூராகி, பிறை பிறையாகக் கிடந்தன.

தோழி எட்டிப் பார்த்தாள். "எந்தப் பண்ணை மான்?" என்றாள் சாதாரணமாக. "மான் ரத்தம் காத்துப் பட்டா இப்படித்தானே வளையும். மறந்துட்டியா?"

மனிதர்களுக்கும் இப்படி ஆகும். அது ஒரு நோய். பிறவியிலேயே வரும். மூச்சு வாங்கும், உடம்பெல்லாம் வலிக்கும். இருபது வருஷம் மலையேறி மரம் பார்த்தவருக்கு அது இருந்திருக்க முடியுமா? இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டேன். பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் இருக்கலாம், இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

வீட்டுப் பக்கம் திரும்பும்போது மில்லின் நாய் எதிரே வந்தது. வேலை எதுவும் செய்யாமல் சுற்றிச் சுற்றி வருவதால் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தவரே அத்தான்தான். அவரைக் கண்டால் மேலே பாய்ந்து முகத்தை நக்கும். இப்போது அது எங்கள் வீட்டின் பின்பக்க வேலியோரம், வயிறு தரையில் உரச, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து நகர்ந்தது. குரைக்கவில்லை. வாலும் ஆடவில்லை.

வேட்டைக்குப் பதுங்குகிற நாய் அப்படித்தான் போகும்.

அதன் பார்வை போன திசையில், படியில் அத்தான் உட்கார்ந்திருந்தார்.

நான் சத்தமில்லாமல் சமையலறைக்குள் போய் ஜன்னலோரம் நின்றேன். அவருடைய பக்கவாட்டு முகம் தெரிந்தது. தாடை அசைந்துகொண்டிருந்தது. மேலும் கீழும் இல்லை. இடமும் வலமும். சாப்பிட்டு வெகுநேரம் ஆகியிருந்தது, கையில் எதுவும் இல்லை. நிதானமாக மென்றார். விழுங்கினார். கொஞ்சம் பொறுத்தார்.

தொண்டையில் ஒரு உருண்டை, கீழிருந்து மேலே ஏறியது.

மறுபடி மெல்ல ஆரம்பித்தார்.

என் வேலையில் தினம் தினம் பார்க்கிற காட்சி அது. கொட்டிலில் பார்ப்பேன். மனித முகத்தில் பார்த்ததில்லை. அசைபோடுகிற மனிதன் கிடையாது.

"பார்த்துட்டியா?"

அக்கா என் பின்னால் நின்றாள். குரல் மூச்சுக்காற்றைவிட மெல்லியதாக இருந்தது.

"அக்கா... இது..."

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"கதவைத் திறந்த அன்னைக்கே."

நான் அவள் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது.

"வேண்டாத சாமி கிடையாதுடி. கதவைத் திறந்தா நிக்கிறாரு. அதே முகம், அதே சட்டை. கட்டிப் பிடிச்சேன். நெஞ்சு படபடன்னு அடிச்சுது, இவ்வளவு வேகமா எந்த மனுஷனுக்கும் அடிக்காது. பின்னாடியே தேடப் போனவங்கள்லாம் ஓடி வந்து, 'இவன்தானே, இவன்தானே'ன்னு சந்தோஷமா கேட்கறாங்க. இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

"அப்போ உண்மையான அத்தான் எங்கே?"

"செத்துட்டார்னு நினைச்சுக்கிட்டேன். அப்படி நினைச்சாத்தான் இதுக்குச் சோறு போட முடிஞ்சுது. ஆனா தினமும் சாயங்காலம் இது காட்டுக்குள்ள போகுதுடி. இருட்டறதுக்குள்ள திரும்பி வருது. வந்ததும் புதுசா ஏதாவது ஒண்ணு செய்யுது. ஒருநாள் வந்து சரியா அவரோட நாற்காலியில உட்கார்ந்துச்சு. ஒருநாள் வந்து, என்னை அவர் தனியா இருக்கும்போது கூப்பிடற பேரைச் சொல்லிக் கூப்பிட்டுச்சு. அந்தப் பேர் உனக்கே தெரியாது. அதை இதுக்கு யாரு சொல்லியிருக்க முடியும்?"

"நானா யார்கிட்டயும் சொல்ல முடியல. உன் கண்ணுலயாவது படட்டும்னுதான் வரச் சொன்னேன்" என்றாள்.

படியில் மெல்லுவது நின்றிருந்தது. அவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

காது மட்டும் திரும்பியது.

அன்று சாயங்காலம் அது காட்டுக்குள் போகவில்லை. நாங்கள் எந்த அறைக்குப் போனாலும் அந்த அறைக் கதவருகே வந்து நின்றது. நானும் அக்காவும் ஒரே கட்டிலில், கண்ணை மூடாமல் கிடந்தோம்.

காலையில் ரம்பம் ஓடத் தொடங்கியதும், பால் வாங்கி வருவதாகச் சத்தமாகச் சொல்லிவிட்டு மில்லுக்கு ஓடினேன். அத்தானின் நெருங்கிய கூட்டாளி ஒருவர் ரம்பம் ஓட்டுகிறார். மீசை என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று திணறினேன். நான் பாதி சொல்வதற்குள் அவர் மெஷினை நிறுத்திவிட்டார்.

"எனக்கும் சந்தேகம்தான் டாக்டரம்மா. வந்ததுலேர்ந்து என்கிட்ட ஒரு சிகரெட்டு ஓசி கேட்கல அவன். பைத்தியக்காரன்னு சொல்வாங்களேன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

"நீங்க தேடாம விட்ட இடம் ஏதாவது இருக்கா?"

மீசையின் முகம் மாறியது.

"பழைய கல் குவாரி. அன்னைக்குக் காலையில அங்கேதான் கிளம்பிட்டு இருந்தோம். அதுக்குள்ள இவன் வந்து நின்னுட்டான்."

மேனேஜரையும் கூட்டிக்கொண்டு, இன்னும் இரண்டு ஆட்களோடு போனோம். காட்டுக்குள் பறவைச் சத்தமே இல்லை. புதரை உரசும்போதெல்லாம் ஈக்கள் எழும்பி வந்து எங்கள் கழுத்தில் ஒட்டின. ஊர்ந்தன. விட்டுவிட்டுப் போயின.

குவாரியின் விளிம்பில் நாய் நின்று, நான் வந்ததிலிருந்து முதல் முறையாகக் குரைத்தது. வால் சுழன்று சுழன்று ஆடியது.

கீழே சரிந்த பாறைகளுக்கு நடுவில், பனியனோடு, ஒரு கால் கல்லுக்கடியில் மாட்டி, எலும்பும் தோலுமாக ஒருவர் கிடந்தார். கைக்கெட்டும் தூரத்தில் பாறையிலிருந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. உதடெல்லாம் பச்சைச் சாறு காய்ந்து ஒட்டியிருந்தது. ஏதோ தழையை மென்றிருக்கிறார்.

நான் சறுக்கிக்கொண்டு இறங்கி அவர் கழுத்தில் கை வைத்தேன். நாடி இருந்தது. மெதுவாக, மனித வேகத்தில். அவர் காதோரம் ஒரு மான் ஈ ஊர்ந்துகொண்டிருந்தது. சிறகு இரண்டும் முழுசாக இருந்தன. என் விரல் பட்டதும் பறந்துவிட்டது.

கண்ணைத் திறந்தார். என்னை உற்றுப் பார்த்தார்.

"நாக்கை நீட்டணுமா... மாட்டு டாக்டர்?"

நான் உடைந்து அழுதேன். மீசையும் அழுதார்.

கல்லைப் புரட்டிக் காலை விடுவிக்கும்போது அவர் பிதற்றுகிற மாதிரிப் பேசிக்கொண்டே இருந்தார். "அவ நல்லா இருக்காள்ல? அவன் அப்படித்தான் சொன்னான்."

"யாரு அத்தான்?"

"தினமும் வருவான். அந்தக் கல்லுமேல உட்காருவான். மொதல்ல மயக்கத்துல, யாரோ காப்பாத்த வந்திருக்காங்கன்னு நினைச்சேன். வீடு எங்கே, எங்கே உட்காருவே, அவளை எப்படிக் கூப்பிடுவேன்னு கேட்பான். எல்லாத்தையும் சொல்லிட்டேன். அப்புறம்தான் பார்த்தேன், அவன் போட்டிருக்கிறது என் சட்டை. நிமிர்ந்து மூஞ்சியைப் பார்த்தா..."

நிறுத்தினார். மூச்சு வாங்கியது.

"அதுக்கப்புறம் எல்லாம் பொய்தான் சொன்னேன். கொழுந்தியாளை எப்படிக் கூப்பிடுவேன்னு கேட்டான். செத்தாலும் சொல்ல மாட்டேன்னு இருந்தேன்."

அவரைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறும்போதுதான் எனக்கு உறைத்தது. அக்காவை அதனோடு தனியாக விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. முள் கிழித்ததும் தெரியவில்லை. பின்வாசல் திறந்து கிடந்தது.

அக்கா சாப்பாட்டு மேஜையருகே உட்கார்ந்திருந்தாள். உயிரோடு இருந்தாள். எதிர் நாற்காலியில் அத்தானின் சட்டையும் பேன்ட்டும் அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"கிடைச்சுட்டார்க்கா! உயிரோட இருக்கார்!"

அவள் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அழுது முடித்தபின் கேட்டேன்.

"அது எங்கே?"

"குவாரிப் பக்கம் நாய் குரைச்சுது. எனக்குச் சரியா கேட்கல, அதுக்குக் கேட்டுடுச்சு. எழுந்து துணியையெல்லாம் கழட்டி மடிச்சு வச்சுது. நான் சுவரோரம் ஒட்டிக்கிட்டு நின்னேன். என்னை ஒண்ணும் பண்ணல. வாசல் வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்துச்சு."

"ஏதாவது சொல்லுச்சா?"

அக்கா தலையசைத்தாள்.

"போயிட்டு வரேன்னு சொல்லுச்சு."

அத்தானின் காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. உயிர் பிழைத்ததே பெரிது என்றார்கள். மில்லையும் காட்டையும் விட்டுவிட்டு, நகரத்தில் என் வீட்டுக்கே இருவரையும் அழைத்து வந்துவிட்டேன். மரமே இல்லாத தெரு. நான்காவது மாடி. லிஃப்ட் பழுதானால் மனிதர்களே ஏறத் திணறும் கட்டடம். அத்தானுக்குப் பழைய வாய் திரும்பிவிட்டது. கட்டைக்காலை வைத்தே நாலு ஜோக் அடிப்பார். அக்காவும் சதை போட்டுத் தேறிவிட்டாள். பால்கனியில் தொட்டி வைத்துச் செடி வளர்க்க ஆரம்பித்தாள். நாங்கள் யாரும் அந்த நாட்களைப் பற்றிப் பேசுவதில்லை.

போன வாரம் துணி எடுக்கப் பால்கனிக்குப் போனேன். ரோஜாச் செடியின் துளிர் எல்லாம் போயிருந்தது. செம்பருத்தியிலும் மொட்டு ஒன்றுகூட இல்லை. பூச்சி அரித்தால் இலையில் ஓட்டை விழும். குருவி கொத்தினால் கிழிசலாக இருக்கும். எலி கடித்தால் கத்தியால் நறுக்கிய மாதிரி தண்டு வெட்டுப்பட்டிருக்கும்.

இங்கே ஒவ்வொரு தண்டின் நுனியும் நாராகப் பிய்ந்திருந்தது.

மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. கடித்து நறுக்காது. பிய்த்துத்தான் எடுக்கும்.

பால்கனிக் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தேன். அது உள்பக்கம் மட்டும்தான் இருக்கிறது. திறந்து கிடந்தது.

அக்காவிடம் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், "வெயில்ல கருகியிருக்கும்" என்றாள்.

நேற்று மறுபடி போனேன். மொட்டையான செடிகளைக் காணவில்லை. அதே இடத்தில், துளிர் விட்ட புதுச் செடிகளை வாங்கி வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு அகலமான பாத்திரம் நிறையத் தண்ணீர்.